அத்தனை பேரும் பூஜ்யம்

"மூணு வாரம் வகுப்பு நடந்தா மார்க் ஏறணும்ல டீச்சர்? இறங்கியிருக்கே!"

விடைத்தாள்களை நீட்டினாள் ஆராய்ச்சி அக்கா. பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் அது. பள்ளிகளின் கோடை வகுப்புகளில் எது பலன் தருகிறது என்று கண்டுபிடித்து எழுதுவது அவள் வேலை. அவளை நம்பி ஒப்படைத்த முதல் ஆய்வு இதுதான்.

அலைந்து திரிந்து பிடித்த பள்ளி. மணி அடித்தாலும் பிள்ளைகள் வகுப்பை விட்டு எழுந்திருப்பதில்லை. வராந்தாவைக் கயிற்றால் அளந்து, பரப்பளவுக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆனால் விடுமுறைத் தொடக்கத்தில் சராசரியாக இருபதுக்குப் பதினொன்று வாங்கிய வகுப்பு, இப்போது ஏழு.

டீச்சர் விடைத்தாள்களைப் புரட்டினார். "நேத்து போர்டுல சரியா போட்ட கணக்கையே தப்பா குறிச்சு வச்சிருக்குதுங்க. கேள்வி கஷ்டமோ?"

அக்கா சுலபமான கேள்விகளாகத் தயாரித்தாள். சராசரி மூன்று.

"எழுத்து பொடிசா இருக்கோ?"

பெரிய எழுத்தில் அச்சடித்தாள். இரண்டு.

அந்த நேரம் பார்த்து அவளுடைய ஆய்வு நிறுவனத்தின் இயக்குநர் போனில் கூப்பிட்டார்.

"வெள்ளிக்கிழமை அறிக்கை வேணும்மா. பலன் இருந்தா அடுத்த வருஷம் நாப்பது பள்ளிக்கூடத்துல ஆரம்பிக்கலாம். இல்லேன்னா மொத்தமா மூடிட வேண்டியதுதான்."

"பலன் இருக்கு சார். கண்ணுல தெரியுது. தாள்லதான் தெரியல."

"உன் கண்ணையா மேலிடத்துக்கு அனுப்ப முடியும்?"

கடைசி முயற்சியாக, ஒவ்வொரு கேள்வியையும் டீச்சரே நிறுத்தி நிதானமாக வாசிக்க ஏற்பாடு செய்தாள். முப்பத்திரண்டு பிள்ளைகளும் நாக்கைக் கடித்துக்கொண்டு, அப்படி ஓர் அக்கறையோடு குறித்தார்கள். ஒருத்தி அழித்து அழித்துத் தாளையே ஓட்டையாக்கிவிட்டாள்.

அத்தனை பேரும் பூஜ்யம்.

"நாலு விடையில ஒண்ணைக் கண்ணை மூடிட்டுக் குறிச்சாலே அஞ்சு தேறுமேம்மா!" இயக்குநர் கத்தினார். "அந்த டீச்சர் என்னதான் சொல்லிக் குடுக்கறாங்க?"

எண்கள் சொன்னதைத்தான் எழுத முடியும். அக்கா, 'பலன் இல்லை. வகுப்பை நிறுத்தலாம்' என்று அறிக்கையை முடித்து அனுப்பினாள். பிறகு டீச்சரிடம் போய்ச் சொன்னாள். அவர் கயிறுகளைச் சுருட்டி அலமாரியில் வைத்தார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அக்கா வாசலுக்கு வந்தாள். பள்ளி வேனுக்குள் பிள்ளைகள் ஒரே கும்மாளம். பூஜ்யம் வாங்கிய கூட்டமா இது என்று வயிறு எரிந்தது.

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த டிரைவர் அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"நல்ல மார்க் வாங்கிட்டா வகுப்பு முடிஞ்சிடும்னு அன்னைக்கு சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன் மேடம், அதுலேருந்து, மறந்தும் ஒரு விடைகூட சரியா விழுந்துடக் கூடாதுன்னு, வேன்ல ஏறினதுலேருந்து இறங்கற வரைக்கும் விழுந்து விழுந்து படிக்குதுங்க!"