கால் படாத புல்வெளி

ஒரு காட்டில், அதாவது இது காடு என்று யாரும் பலகை வைத்துச் சொல்வதற்கு முன்பிருந்தே காடாக இருந்த ஒரு காட்டில், கெம்பி என்றொரு புள்ளிமான் வாழ்ந்து வந்தது. மலைமேட்டில் இருந்த ஒரு புல்வெளியில் அதன் கூட்டம் மேயும். சுற்றிலும் மரமும் முள்ளுமாக அடர்ந்து கிடக்க, அந்த இடம் மட்டும் அப்போதுதான் முடிவெட்டிக்கொண்டு வந்த தலைபோல ஒழுங்காக இருக்கும். அங்கே முளைத்த புல்லைத் தின்றால் தாய்மானுக்குப் பால் நன்றாக ஊறும். கெம்பி அப்போது சினையாக இருந்ததால் அந்தப் புல்மேல் அதற்குத் தனிக் கண்.

இந்தப் புல்வெளியைப் பற்றி மான்களுக்கு ஒரு பெருமை உண்டு. உலகம் தோன்றியபோது முதல் மான் துள்ளிக் குதித்த இடம் இது, அதன் குளம்பு பட்ட இடமெல்லாம் புல் முளைத்தது என்று சொல்லிக்கொள்ளும். முயல்களைக் கேட்டால் முதல் முயல் குதித்த இடம் என்று சொல்லும். ஒரே இடத்தில் எத்தனை பேர்தான் குதித்திருக்க முடியும் என்று யாரும் கேட்டதில்லை. பெருமை பேசும்போது குறுக்குக் கேள்வி கேட்கிற வழக்கம் காட்டிலும் கிடையாது.

அங்கே ஒரே ஒரு தொந்தரவுதான். மாடு.

அடிவாரத்து ஊரைச் சேர்ந்த மாதையன் மழைக்காலம் முடிந்ததும் தன் மாடுகளை ஓட்டிக்கொண்டு மேலே வருவான். ஓரத்தில் மண்டியிருக்கும் உன்னிச்செடியையும் முள்ளையும் வெட்டி, வட்டமாக வேலி போட்டுப் பட்டி அமைப்பான். மாடுகள் பகலில் மேயும், பொழுது சாய்ந்தால் பட்டியில் அடையும். அடுத்த வருஷம் கொஞ்சம் தள்ளி இன்னொரு பட்டி போடுவான். அவன் அப்பனும் அப்படித்தான் செய்தான், அப்பனுக்கு அப்பனும் அப்படித்தான். ஏனப்பா இடம் மாற்றுகிறாய் என்று கேட்டால், "பழைய எடத்துல சாணி முழங்கால் மட்டும் கெடக்குதுங். மாடு எங்கீங் படுக்கும்?" என்பான். அதற்குமேல் அவனுக்கும் ஒன்றும் தெரியாது. மாட்டை மேய்த்தோமா, கஞ்சியைக் குடித்தோமா என்று இருக்கிறவன் அவன்.

அந்த மாடுகளில் மூத்தது காரி. ஒரு நாள் கெம்பி மெல்ல மெல்லத் தின்னலாம் என்று பார்த்து வைத்திருந்த இளம்புல்லைக் காரி ஒரே சுருட்டாகச் சுருட்டி வாயில் போட்டுக்கொண்டது.

"ஏனக்கா, அது நான் பார்த்து வெச்ச புல்லு," என்றது கெம்பி.

"புல்லுமேல உன்ற பேரா எழுதியிருக்குது?" என்றது காரி, மென்றுகொண்டே.

"வாயும் வயிறுமா இருக்கறவகிட்ட இப்பிடியா பேசறது?"

"நானுந்தான் செனை. எனக்கென்ன ரப்பர் வயிறா?"

கெம்பிக்கு ஆத்திரம் தாங்கவில்லை. வந்தேறி மாடு ஒன்று தன்னிடம் வாய் காட்டுவதா என்று அதற்கு உடம்பெல்லாம் எரிந்தது.

சண்டை நடக்கிற இடத்துக்கு நரி தானாக வந்து சேரும், போன் பண்ணிக் கூப்பிட வேண்டியதில்லை. இந்த நரி சாதாரண நரி அல்ல. கொஞ்ச காலம் பட்டணத்தில், கருத்தரங்குகள் நடக்கும் ஒரு பெரிய கட்டிடத்தின் பின்பக்கம் குடியிருந்தது. அங்கே மிச்சமாகி வெளியே கொட்டும் பிரியாணியைத் தின்றபடி, ஜன்னல் வழியாக வரும் வார்த்தைகளையும் பொறுக்கிக்கொண்டது. காட்டுக்குத் திரும்பியபோது தன்னை ஆலோசகர் என்று அழைக்கச் சொன்னது.

"அம்மா, இதை ஒரு வாய்ப் புல்லுக்கான சண்டையா நினைக்காதீங்க," என்றது நரி. "இது ஆக்கிரமிப்பு. இந்தப் புல்வெளி ஆதியிலேர்ந்து மனிதர் கால் படாத இடம். மாடு யாரு? மனிதனோட ஆளு. நீங்க யாரு? இந்த மண்ணுக்கே சொந்தக்காரங்க."

"மாதையன் காலு வருசா வருசம் படுதே?" என்றது கெம்பி.

"அதை நிறுத்திடுவோம். நிறுத்திட்டா, பட்டதே இல்லைன்னு ஆயிடும்."

கெம்பிக்கு இது சரியாகப் புரியவில்லை. ஆனால் புரியாத பேச்சில் ஒரு மரியாதை இருக்கிறதல்லவா? தலையை ஆட்டி வைத்தது.

விஷயம் காட்டு மகாசபைக்குப் போனது. தலைமை வகித்தது ஒரு வயதான பெண் யானை. வெளியாட்களுக்குப் பேச அனுமதி இல்லை என்று காரியை ஓடைக்கு அந்தப் பக்கமே நிறுத்திவிட்டார்கள்.

"மாடு போயிட்டா புல்லு என்ன ஆகும்?" என்று கேட்டது யானை.

"இப்ப பாதியை மாடு திங்குது, பாதியை மான் திங்குது," என்றது நரி. "மாடு போனா முழுசும் மானுக்கு."

கணக்கு அவ்வளவு சுத்தமாக இருந்ததால் சபையே தலையை ஆட்டியது. காட்டுப்பன்றி மட்டும், "அப்ப சாணி யாரு போடுவாங்க?" என்று கேட்டது. எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சாணிக்குள் புழு தோண்டித் தின்கிற பிராணிக்கு வேறு என்ன கவலை இருக்கும்!

கடைசியில் கெம்பி எழுந்து நின்று, "எனக்கு வேற ஒண்ணும் வேண்டாமுங். பொறக்கப் போற குட்டிக்குப் புல்லு வேணும். அவ்வளவுதான்," என்று சொல்லிக் கண் கலங்கியது. சபையும் சேர்ந்து கண் கலங்கியது. அந்தக் கண்ணீரை நரி பத்திரமாகப் பட்டணத்துக்குக் கொண்டுபோய், தூய்மை வனக் கழகம் என்ற ஒரு கழகத்தின் வாசலில் இறக்கியது.

கழகத்தார் ஜீப்பில் வந்தார்கள். சுற்றிப் பார்த்தார்கள். ஒரு முள் இல்லை, ஒரு புதர் இல்லை, இயற்கை எவ்வளவு ஒழுக்கமாக இருக்கிறது என்று வியந்தார்கள். இனிமேல் மாடு மலையேறக் கூடாது என்று மாதையனிடம் சொல்லிவிட்டார்கள்.

"சாமி, மாட்டை நான் எங்கே கொண்டுபோவேன்?" என்றான் மாதையன்.

"வீட்டுப் பக்கத்துல கட்டு."

"வீடே மாடு படுத்த அகலந்தானுங் இருக்குது."

அவர்கள் அதைக் குறித்துக்கொள்ளவில்லை. புல்வெளியின் நடுவில் 'மனிதர் கால் படாத இயற்கைப் புல்வெளி' என்று ஒரு பலகையை நாலைந்து ஆட்கள் மிதித்து மிதித்து நட்டார்கள். குழி தோண்டியவர் ஒரு பிடி மண்ணை அள்ளி, இவ்வளவு கறுப்பாக, பொதபொதவென்று மண்ணை வேறெங்கும் பார்த்ததில்லை என்று கண்ணில் ஒற்றிக்கொண்டார். அது மாதையனின் பாட்டன் காலத்துச் சாணி. அவருக்கு எப்படித் தெரியும், பாவம்!

முதல் வருஷம் கெம்பிக்குத் தலைகால் புரியவில்லை. கண்ணுக்கு எட்டிய புல்லெல்லாம் தன் புல். அந்த ஈற்றில் பிறந்த குட்டி கொழுகொழுவென்று வளர்ந்து தன் வழியில் போனது. நரி சொன்னது அப்படியே பலித்துவிட்டது என்று கூட்டமே கொண்டாடியது.

ஆனால் மான்கள் எவ்வளவுதான் தின்னும்? நுனிப்புல் தின்கிற சாதி அது. மேயாத புல் இடுப்புயரம் வளர்ந்து, தடித்து, காய்ந்து, உதட்டைக் கிழித்தது. அதன் இடுக்கில் உன்னிச்செடி மெதுவாக ஒரு காலை உள்ளே வைத்தது. வேலிக்கு வெட்ட ஆளில்லை என்று தெரிந்ததும் குடும்பத்தோடு வந்து குடியேறியது. மஞ்சளும் சிவப்புமாகப் பூத்தது. பட்டாம்பூச்சிகள் வந்தன. "பார்த்தீங்களா, இயற்கை மீண்டு வருது!" என்று நரி எல்லாருக்கும் காட்டியது. அந்தப் பூக்களைப் படம் எடுத்துப் போட்டுக் கழகம் ஒரு விருதும் வாங்கிவிட்டது.

மூன்று ஈற்று தள்ளிக் கெம்பிக்குப் பிறந்தது சிண்டு. அது பிறந்தபோது புல்வெளி முழுக்க உன்னிப் புதர்தான். உன்னி இலையை மான் தின்ன முடியாது. மரத்தடியில் உதிர்ந்ததைப் பொறுக்கித் தின்று கெம்பி எலும்பும் தோலுமானது. பால் வற்றிவிட்டது. சிண்டு முட்டி முட்டிக் குடித்துப் பார்க்கும், ஒன்றும் வராது, விட்டுவிட்டுத் தாயின் முகத்தை அண்ணாந்து பார்க்கும். அந்தப் பார்வையைத் தாங்க எந்தத் தாயாலும் முடியாது. கெம்பியாலும் முடியவில்லை.

அது நேராக நரியிடம் போனது. "ஆலோசகரே, புல்லு எங்கீங்?"

"புல்வெளிங்கறது ஒரு நிலைதாம்மா," என்றது நரி, பல் குத்திக்கொண்டே. "இப்ப அது அடுத்த கட்டத்துக்குப் போயிருக்கு."

"என்ற குட்டியும் அடுத்த கட்டத்துக்குப் போயிரும்போல இருக்குது," என்றது கெம்பி.

நரி எழுந்து கிளம்பிவிட்டது. அதற்கு அன்றைக்கு ஒரு கூட்டம் இருந்தது.

கெம்பி சிண்டுவைப் புதரில் ஒளித்து வைத்துவிட்டு, காற்றில் வந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு மலையிறங்கியது. அடிவாரத்தில், மாதையன் வீட்டுக்குப் பின்னால், வேலிக்கு அந்தப் பக்கம் மாடுகள் நின்றன. இந்தப் பக்கம் இளம்புல் பசேல் என்று முளைத்திருந்தது. கெம்பி ஒரு வாய் கடித்தது. அதே புல், அதே ருசி.

"ஏனக்கா," என்று காரியைக் கூப்பிட்டது, "இந்த எடத்துல எந்த மான் வந்து குதிச்சுது?"

"மானாவது, குதிக்கறதாவது!" என்றது காரி. "போன வருசம் நாங்க அங்கதான் அடைஞ்சு கெடந்தோம். நாத்தம் தாங்காம இங்க மாத்திக் கட்டினாங்க."

கெம்பி அப்படியே நின்றுவிட்டது. பரம்பரை பரம்பரையாகத் துள்ளிக் குதித்த அந்த முதல் மான் அதன் மனதில் கால் தவறிச் சாணியில் விழுந்தது.

"அக்கா, உங்களைத் தொரத்தச் சொன்னதே நான்தான்," என்றது தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு.

"தெரியும். ஓடைக்கு அந்தப் பக்கம் நின்னு கேட்டுட்டுதான இருந்தேன்," என்றது காரி. "வயித்துல குட்டி இருந்தா நானும் அதத்தான் சொல்லியிருப்பேன். பேசாமத் தின்னு. பால் ஊறட்டும்."

வயிறு நிறையத் தின்றுவிட்டுக் கெம்பி மகாசபைக்கு ஓடியது. மாடு படுத்த இடத்தில்தான் புல் முளைக்கிறது, மாதையன் முள் வெட்டியதால்தான் உன்னி வரவில்லை, தயவுசெய்து அவர்களைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்று மூச்சு வாங்கச் சொன்னது.

யானை தும்பிக்கையால் நெற்றியைத் தேய்த்துக்கொண்டது. "நீ சொல்றது நெசமாவே இருக்கலாம் கண்ணு. ஆனா விருது வாங்கிட்டமே!"

"மாடு வந்தா மாதையன் வருவான்," என்றது நரி. "மாதையன் வந்தா கால் படும். கால் பட்டா பலகை பொய்யாயிடும்."

"பலகையப் புடுங்கிப் போடுங்க!"

"சிமெண்ட் போட்டிருக்கும்மா."

அதோடு சபை கலைந்தது. காட்டுப்பன்றி மட்டும் கெம்பியைப் பார்த்து ஏதோ சொல்ல வந்து, யாராவது சிரிப்பார்கள் என்று பேசாமல் போய்விட்டது.

மறுநாள் காலையில் கெம்பி சிண்டுவைக் கூட்டிக்கொண்டு மாதையன் வீட்டுக் கொல்லைக்கே போய்ச் சேர்ந்தது. மாடுகளோடு மாடாக நின்ற இரண்டு மான்களைப் பார்த்து மாதையன் இடுப்பில் கை வைத்தான். "அட சாமி! என்ற மாட்டைக் காட்டுக்குள்ள உடாதேன்னாங்க. இப்ப காடு என்ற கொல்லைக்குள்ள வந்து நிக்குதே, இதுக்கு நான் யாரைப் போயிக் கேக்கறது?"

அவன் யாரையும் கேட்கவில்லை. கூரைமேல் உட்கார்ந்திருந்த ஒரு காக்கைதான் அதைக் கேட்டது. ஊருக்குள் மான், ஆபத்தில் குட்டி என்று கத்திக்கொண்டே பறந்தது. கழகத்தின் ஜீப் புழுதி கிளப்பிக்கொண்டு வந்தது, முன் சீட்டில் நரி. வனவிலங்கை வீட்டில் வைத்திருக்கிறாயா என்று மாதையனை ஒரு பிடி பிடித்தார்கள். பிறகு, போகிற வழியில் மான்கள் மிரளாமல் இருக்க ஒரு கட்டுப் புல் வேண்டும் என்று தேடினார்கள். எங்கே கிடைக்கும்? மாதையன் கொல்லையில்தான். அவனையே அறுத்துக் கொடுக்கச் சொல்லி ஜீப்பில் போட்டுக்கொண்டார்கள்.

கெம்பி வழியெல்லாம் தின்றது. சிண்டுவும் கொறித்தது. மேலே பலகைக்குப் பக்கத்தில், உன்னிப் புதருக்கு முன்னால் இரண்டையும் இறக்கிவிட்டுக் கைதட்டினார்கள். படம் எடுத்தார்கள். தாயும் சேயும் தாய்மடி திரும்பின என்று காக்கை ஊரெல்லாம் சொன்னது. ஜீப் போனபிறகு கெம்பி புதரைப் பார்த்தது, சிண்டுவைப் பார்த்தது, ஜீப் போன தடத்தைப் பார்த்தது.

மறுநாள் இரண்டும் மறுபடி கொல்லையில் நின்றன. மறுபடி ஜீப், மறுபடி ஒரு கட்டுப் புல், மறுபடி கைதட்டல். கெம்பி படிக்காத மான்தான், ஆனால் மக்கு இல்லை. பழைய புல்வெளிக்கு வழி இல்லாவிட்டாலும் ஜீப்புக்கு வழி இருக்கிறது என்று அதற்குப் புரிந்துவிட்டது. கூட்டத்தாருக்கும் சொன்னது. மான்கள் ஒழுங்காக வரிசையில் மலையிறங்கி, ஊர் எல்லையில் வந்து நின்று, பரிதாபமாக முழிக்கப் பழகிக்கொண்டன. முழி சரியாக வராத குட்டிகளுக்குக் கெம்பியே சொல்லிக்கொடுத்தது.

இப்போது எல்லாரும் சௌக்கியம். மீட்கப்பட்ட மான்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போவதால் கழகம் இன்னொரு ஜீப் வாங்கிவிட்டது. நரி மீட்புப் பிரிவுக்குத் தலைவர். மாதையனுக்குப் புல் அறுத்துப் போடுகிற வேலை, அவன் மாடுகளுக்கு அதற்காகவே மாதாமாதம் இடம் மாறிப் படுக்கிற வேலை. யானைகூட, ஜீப்பில் தனக்கு இடம் போதாது, லாரி ஏதாவது வருமா என்று ரகசியமாக விசாரித்ததாகக் கேள்வி.

சிண்டுவும் நன்றாகத் தேறிவிட்டது. ஒரு நாள் மேட்டில் ஜீப் நின்றதும் இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தது.

"இங்க எதுக்கும்மா எறங்கணும்?"

"இது நம்ம காடு, சாமி."

"காட்டுல என்ன இருக்குது?"

கெம்பி சுற்றிலும் பார்த்தது. "புல்லு மொளைக்கற எடம் கண்ணு," என்றது, வேறு என்ன சொல்வதென்று தெரியாமல்.

"பொய் சொல்லாதம்மா," என்றது சிண்டு. "புல்லு ஜீப்புலதான மொளைக்குது."

கெம்பிக்கு எத்தனையோ சொல்ல வேண்டும்போல இருந்தது. ஆனால் ஜீப்காரர் அவசரப்படுத்தினார். இப்போது இறங்காவிட்டால் நாளைக்கு மீட்க மாட்டார்களே என்று, அது குட்டியை முட்டிக் கீழே தள்ளியது.

நீதி: பசித்தவர்கள் புல்லைத் தேடி அலைய வேண்டாம். தம்மைக் காப்பாற்றுகிற வண்டி எந்தப் பாதையில் வருகிறது என்று தெரிந்துகொண்டு, நேரத்தோடு அங்கே போய்த் தொலைந்து நிற்கவும்.