வாப்பாவுக்குச் சாத்திய கேட்

டி.வி. தொடரில் மகன் முதலாளியாகி அப்பனை வேலை வாங்குகிற காட்சி வந்தால், என் வீட்டில் யாரும் டி.வி.யைப் பார்ப்பதில்லை. என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நான் செய்தது சரி என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

அறுபதுகளில் தாராவியில் எங்களுக்குத் தோல் பை தைக்கும் பட்டறை இருந்தது. ஆட்கள் நினைத்த நேரத்துக்கு வருவார்கள். எல்லோருக்கும் கடைசியாக வாப்பா வருவார். இப்படி இருந்தால் தொழில் விளங்குமா என்று நான் ஓயாமல் நச்சரித்தேன். (மெட்ரிக் பாஸான திமிர்.) ஒருநாள் வாப்பா சாவியை என் மடியில் போட்டார்.

“இந்தாலே. இனிமே நீதான் சேட்டு, நான் உன் கூலி. நடத்திக் காட்டு.”

மறுநாளே சட்டம் போட்டேன்: எட்டு மணிக்குக் கேட் சாத்தப்படும். எல்லோரும் வந்துவிட்டார்கள், என் புதுக் கூலியைத் தவிர. சாத்தித் தாழும் போட்டேன்.

அன்றைக்கென்று பார்த்து, குர்லாவிலிருந்து மைமூனின் தகப்பனார் வந்தார். மைமூனை ஒரு கல்யாண வீட்டில் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. தரகர்தான் பேச்சை ஆரம்பித்திருந்தார். பெண் கொடுக்கிறவர்கள் பையனைப் பற்றி அவன் வாப்பாவிடம் விசாரிக்க மாட்டார்கள், பட்டறை ஆளிடம்தான் கேட்பார்கள். வாசலில் டீ குடித்துக்கொண்டு ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். என்னைப் பெற்றவர். வந்தவருக்கும் ஒரு டீ சொன்னாராம்.

“இந்தப் பட்டறைப் பையன் எப்படி?”

“நேரத்துல கண்டிப்பு. பெத்த வாப்பாவா இருந்தாலும் லேட்டா வந்தா உள்ள விடமாட்டான்.”

“சும்மா சொல்லாதீரும்வே. அப்படியும் ஒருத்தன் இருப்பானா?”

அந்த நேரம் பார்த்து நான் கேட்டைத் திறந்து தலையை நீட்டினேன்.

“வாப்பா! இன்னைக்கு உங்களுக்கு அரை நாள் கூலி கட்!”

வந்தவரின் டீ வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது. வாப்பா கையைக் கட்டிக்கொண்டு, “சரிங்க சேட்டு” என்றார். (அந்தச் ‘சரிங்க’வை நான் இன்னும் மன்னிக்கவில்லை.) வந்தவர் சலாம்கூடச் சொல்லாமல் போய்விட்டார்.

கல்யாணம் கெட்டது என்று உம்மா அழுதார். எனக்கும் அழுகை வந்தது. ஆனாலும் மறுநாள் எட்டு மணிக்குக் கேட்டைச் சாத்தினேன். (வாப்பா அதற்கு முன்பே உள்ளே வந்து உட்கார்ந்திருந்தார்.)

சில நாள் கழித்துத் தரகர் வந்தார். தகப்பனார் முடியவே முடியாது என்றாராம். மைமூன்தான் குறுக்கே பேசியிருக்கிறாள்.

“பெத்த வாப்பாவுக்கும் அதே சட்டம்னா, போட்டவருக்கும் அதேதானே? அப்ப எனக்குச் சம்மதம்.”

அதன் பொருள் நிக்காஹ் முடிந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. சாப்பாட்டு நேரம் தாண்டி வந்தால் இன்றைக்கும் வீட்டுக் கதவு சாத்தியிருக்கும். உள்ளேயிருந்து பேரப்பிள்ளைகள், “சேட்டு! அரை நாள் கூலி கட்!” என்று கத்துவார்கள். நான் தட்ட மாட்டேன், கெஞ்சவும் மாட்டேன். படியில் உட்கார்ந்திருப்பேன். சட்டம் போட்டவனே நான்தானே!