எட்டுச் சுடலைமுத்துவும் ஒரே கோப்பும்

உங்கள் வீட்டுக் காகிதங்களை ஒழுங்குபடுத்தித் தருகிறேன் என்று யாராவது வந்தால், தயவுசெய்து கதவைச் சாத்திவிடுங்கள். (வருவது நானாக இருந்தால் தாழ்ப்பாளும் போடுங்கள்.)

அப்போது மும்பை செம்பூரில் ஓர் அலுவலகத்தில், கோப்புகளைக் கணினியில் ஏற்றிப் பெயரிட்டு அடுக்கும் வேலையில் சேர்ந்து நான்கு மாதம். அதற்குள் எனக்கு ஏறியிருந்த திமிர் கொஞ்சநஞ்சமல்ல. தாராவியில் எங்கள் சந்துக்குக் குடிசை மாற்றுச் சர்வே வருகிறது, பழைய ரேஷன் கார்டும் கரண்ட் பில்லும் காட்டினால்தான் புது வீடு என்றார்கள். தோல் பை தைக்கும் அப்பா எல்லாவற்றையும் தகரப்பெட்டியில் வைத்திருந்தார். "எந்தக் காலத்துலப்பா இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு, சந்தின் எட்டு வீட்டுக் காகிதங்களையும் போனில் படம்பிடித்து மென்பொருளில் ஏற்றினேன். அசலையெல்லாம் பெட்டியில் போட்டு, மழைத்தண்ணீர் புகுந்துவிடும் என்று பயமுறுத்தி, முலுண்டிலிருக்கும் அத்தை வீட்டுக்கு அனுப்பிவைத்தேன்.

அலுவலக விதிப்படி கோப்புக்கு ஆளின் பெயர், அடுத்து காகிதத்தின் பெயர். இங்கேதான் சனி பிடித்தது. எங்கள் சந்தில் எல்லோரும் திருநெல்வேலிப் பக்கம் ஒரே ஊர், ஒரே குலசாமி. மூத்த பிள்ளைக்குச் சுடலைமுத்து என்றுதான் பெயர் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் சாமி கோபித்துக்கொள்ளும். எட்டு வீட்டுப் பெரியவர்களும் மூத்த பிள்ளைகள். (இனிஷியல் போட்டிருக்கலாமே என்கிறீர்களா? அலுவலக விதியில் இல்லையே!) "இதே பெயரில் கோப்பு இருக்கிறது, புதியதை அதன் இடத்தில் வைக்கவா?" என்று மென்பொருள் பணிவாகத்தான் கேட்டது. இதென்ன தொணதொணப்பு என்று "எல்லாவற்றுக்கும் ஆம்" அழுத்தினேன். இடத்தை அடைக்கிறதென்று போனிலிருந்த படங்களையும் அழித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அதிகாரி வந்தார். லேப்டாப்பைச் சீர்த்தட்டு மாதிரி ஏந்தி எங்கள் வாசலில் நின்றேன். அப்பாவின் ரேஷன் கார்டைத் திறந்தால் எதிர்வீட்டு மாமாவின் மீசை. பக்கத்து வீட்டுக்கும் அதே மீசை. மூன்றாவது வீட்டில் அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏக் ஹி ஆத்மி தீன் கர் மே ரஹ்தா ஹை க்யா?" (ஒரே ஆள் மூன்று வீட்டில் குடியிருக்கிறாரா?)

"ஏட்டீ, என் கார்டு எங்க?" என்றார் அப்பா.

"சிஸ்டத்துல மாறிருச்சுப்பா."

"இருவது வருசமா பெட்டிக்குள்ள மாறாமத்தானட்டீ கெடந்துச்சு!"

எதிர்வீட்டு மாமாவுக்கு மட்டும் ஒரே சந்தோஷம். "என் படம் நல்லா தெளிவா விழுந்திருக்கு மச்சான்!"

மதியம் ஒரு மணிக்குள் அசலைக் காட்டாவிட்டால் எட்டு வீடும் பட்டியலில் கிடையாது என்றார் அதிகாரி. முலுண்டுக்கு ரயில் பிடிக்க அப்பா சயான் ஸ்டேஷனுக்கு ஓடினார். ஞாயிறு என்பதால் தண்டவாள வேலைக்கான மெகா பிளாக், பாதி ரயில் ஓடவில்லை. அதிகாரி ஜீப்பில் ஏறி உட்கார்ந்த பிறகுதான், தலையில் தகரப்பெட்டியோடு அப்பா சந்துமுனையில் தெரிந்தார். நேராக வந்து ஜீப்பின் முன்னால் நின்றுகொண்டார். பானெட்டின் மேல் ஒவ்வொரு காகிதமாக விரித்து எட்டு வீட்டையும் பதிய வைத்தார். சட்டை முழுக்க வியர்வையில் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு அழுகையாக வந்தது.

அன்று முதல் எங்கள் வீட்டுக் காகிதங்கள் ஒரு மஞ்சள் பையில், அப்பாவின் கக்கத்தில். கடைக்குப் போனாலும் சரி, பொதுக் கழிப்பறை வரிசையில் நின்றாலும் சரி. என் கல்யாண ஆல்பத்தில் தாரை வார்க்கும் படத்திலும் கக்கத்தில் பை இருக்கிறது. அப்போது என் மாமனார் மெதுவாகச் சொன்னார், "பையைக் கீழ வைங்க சம்பந்தி, இங்க யாரு எடுக்கப்போறா?"

"எடுக்க மாட்டாவ சம்பந்தி," என்றார் அப்பா, மணமேடையில் என்னைக் காட்டி. "இவ அடுக்கி வச்சிருவா."