பிலிப்பரின் நுரைச்சட்டி

"சவுந்தரி, இஞ்ச ஓடி வா. நுரையைக் காணேல்லை."

குசினியில் இடியப்பம் பிழிந்துகொண்டிருந்த ஞானசவுந்தரி பிழி உரலைக் கீழே வைக்கவில்லை. காலையில் அண்ணன் பிலிப்பர் எதற்குக் கத்தினாலும் அது மீன்தொட்டி விவகாரமாகத்தான் இருக்கும்.

"எந்த நுரை?"

"தொட்டி நுரைதான். நேற்றுப் பின்னேரம் வரைக்கும் பொங்கிக்கொண்டு நிண்டது. இப்ப ஒரு குமிழிகூட இல்லை. மீன் எல்லாம் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது."

"மீன் எப்பவும் அதைத்தானே அண்ணை செய்யிறது."

ஊர்காவற்றுறையில் பிலிப்பரைத் தெரியாதவர் இல்லை. அறக்குளா, சீலா, கும்பிளா என்று அவர் கடலிலிருந்து இழுத்துப் போட்ட மீனுக்குக் கணக்கே கிடையாது. மனைவி காலமான பிறகும் வள்ளத்தை விடவில்லை. நெஞ்சில் அடைப்பு வந்து, டொக்டர்மார் உள்ளே ஒரு ஸ்பிரிங் வைத்து, "இனிக் கடலுக்குப் போகக் கூடாது" என்று சொன்ன பிறகும் வலையைத் தோளில் போட்டவர்.

சுவிசில் இருக்கும் மகன் ஜெகதீஸ் பறந்து வந்தான். சண்டை பிடிப்பான் என்று ஊர் எதிர்பார்த்தது. அவன் கொழும்பிலிருந்து ஆட்களைக் கூட்டி வந்து, ஹோலில் பெரிய கண்ணாடித் தொட்டி ஒன்றைப் பொருத்திப் பூட்டினான். உள்ளே உப்புத் தண்ணீர், பூப்போல விரியும் பவளங்கள், வெள்ளைப் பட்டி போட்ட செம்மஞ்சள் மீன்கள், மீசை நீண்ட இரண்டு சிவப்பு இறால்கள். சுற்றிவரக் கடல் இருக்கும் தீவில் கடலைப் பெட்டிக்குள் அடைத்து அதற்குக் கரண்டும் கொடுத்திருக்கிறார்கள் என்று ஊரே சிரித்தது.

பிலிப்பர் சிரிக்கவில்லை. "அப்பா, இது என்ர சின்னன் வயசு ஆசை. அங்க எங்கட வீட்டில வைக்க இடமில்லை. எனக்காக நீங்கள்தான் பாத்துத் தரவேணும்" என்று மகன் கேட்டிருந்தான். சின்ன வயதில் ஒரு சைக்கிள்கூடக் கேட்காத பிள்ளை. வாழ்க்கையில் அவன் தகப்பனிடம் கேட்ட ஒரே பொருள் இதுதான். அன்றைக்கே பிலிப்பர் வலையைச் சுருட்டி வைத்துவிட்டார்.

மகன் சட்டதிட்டங்களும் போட்டிருந்தான். தொட்டிக்கு நேரே பிலிப்பர் உட்கார ஒரு கதிரை. அதன் கால்களைச் சுற்றி நிலத்தில் பெயின்ற் அடையாளம். "ஒரே இடத்தில இருந்து பாத்தால்தான் மீனுக்கு உங்களைப் பழகும். கதிரையை அசைக்காதேங்கோ." காலையில் மீனுக்குத் தீன் போடும்போது பிலிப்பரும் தன் நெஞ்சு வருத்தத்துக்கான குளிசையைப் போடவேண்டும், இரண்டும் ஒன்றாக இருந்தால் மறக்காதாம். கடைசியாகத் தொட்டி மூடியின் மேல் ஒரு கமரா. கறுப்புக் கண்ணாடிக் குண்டு. அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று அதைச் செய்தவனுக்குத்தான் வெளிச்சம். "இதால நான் அங்க இருந்தே மீன் பாப்பன்" என்றான் ஜெகதீஸ்.

பக்கத்து வீட்டு மேர்சிக்கு அவளுடைய பிள்ளைகள் கமரா பூட்டியபோது, "ஆளை வேவு பாக்கிற கருமம் என்ர வீட்டுக்குள்ள வந்தால் வள்ளம் வலிக்கிற சவளாலை அடிச்சு உடைப்பன்" என்று சொன்னவர் பிலிப்பர். ஆனால் மீனைப் பார்ப்பதில் என்ன குறை. மீனுக்கென்ன வெட்கமா, மானமா. அவர் சம்மதித்தார்.

நுரைச்சட்டி என்று அவர் சொன்னது ஸ்கிம்மர் என்ற சாமானை. தொட்டித் தண்ணீரை உறிஞ்சி, காற்றோடு கலந்து, பொடிப் பொடிக் குமிழியாக்கி ஒரு குழாயில் ஏற்றும். மீனின் கழிவெல்லாம் அந்த நுரையில் ஒட்டி மேலே உள்ள கிண்ணத்தில் கறுப்பாகத் தேங்கும். கச்சான் காற்றுக்குக் கரையில் ஒதுங்கும் அழுக்கு நுரையைப் பார்த்தவருக்கு இதை யாரும் விளக்கத் தேவையிருக்கவில்லை. அது நின்றால் தண்ணீர் நஞ்சாகும் என்பதும் அவருக்குத் தெரியும். மீனுக்கு ஏதும் நடந்தால் பிள்ளையின் முகத்தில் எப்படி முழிப்பது என்பதுதான் தெரியவில்லை.

"ஜெகதீசுக்குச் சொல்லுங்கோவன்" என்றாள் ஞானசவுந்தரி.

"உனக்கென்ன விசரோ. அவன் கேட்டது இந்த ஒண்டுதான். அதையும் பழுதாக்கிப்போட்டன் எண்டு சொல்லுறதோ. கிறிஸ்ரியைக் கூப்பிடு."

கிறிஸ்ரி வள்ள எஞ்சின் மெக்கானிக். ஸ்கிம்மரைக் கழற்றி, உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான்.

"பிலிப்பண்ணை, இது மோட்டர் செத்துப்போச்சு. உள்ளுக்கை சுத்துற கம்பி முறிஞ்சு கிடக்கு. சாமான் கொழும்பில இருந்துதான் எடுக்க வேணும். கிழமைக் கணக்காகும்."

"கிழமைக் கணக்கோ. மீன் பின்னேரம் வரைக்கும் தாங்காது. வேற வழி பாரும்."

வேறு வழி மேர்சி வீட்டுக் கோடியில் கிடந்தது. பழைய வோஷிங் மெசின். அதில் தண்ணீர் தள்ளும் மோட்டரை உருவி, ரப்பர் வளையம் போட்டு, கிறிஸ்ரி மத்தியானத்துக்குள் ஸ்கிம்மரில் பொருத்திவிட்டான்.

"போடும் சுவிச்சை" என்றார் பிலிப்பர்.

நுரை வந்தது. கிண்ணம் நிறைந்தது, கிண்ணத்தின் மூடி எழும்பிப் போய் விழுந்தது. பிலிப்பருக்குப் பெரிய சந்தோசம். "பாத்தீரோ, கொழும்புச் சாமான்கூட இப்பிடிப் பொங்கினதில்லை." நுரை தொட்டியிலிருந்து வழிந்து, நிலத்தில் இறங்கி, கதிரைக் கால்களைச் சுற்றிக்கொண்டு வாசலை நோக்கிப் போனது. அந்தோனியார் படத்துக்குக் கீழே மெழுகுதிரி கொளுத்த வந்த ஞானசவுந்தரி முழங்கால் அளவு வெள்ளைக்குள் நின்று மூக்கை உறிஞ்சினாள்.

"அண்ணை, இது சவர்க்காரத் தூள் மணமெல்லே."

மூன்று பேரும் ஆளையாள் பார்த்தார்கள். மேர்சி மெசினை ஒருநாளும் கழுவி வைத்ததில்லை.

அதன் பிறகு அந்த ஹோலில் நடந்த ஓட்டம் கோயில் கொடியேற்ற நாளிலும் நடந்திராது. கிறிஸ்ரி சுவிச்சை நிறுத்தினான். பிலிப்பர் வடி வலையை எடுத்து, இந்த வயதிலும் கை தவறாமல், மீன்களையும் இறால்களையும் பிடித்தார். தண்ணீர் மாற்றுவதற்கென்று கொழும்பு ஆட்கள் விட்டுப்போன உப்புத் தண்ணீர் வாளியில் அவற்றையும் பவளங்களையும் இறக்கினார். அப்போதுதான் கறுப்புக் குண்டு அவர் கண்ணில் பட்டது.

"ஐயோ, கமரா. அவன் பாக்கப்போறான்."

உடுப்புக் கொடியில் கிடந்த தன் சாரத்தை உருவி அதன் தலையில் போட்டார். ஐந்து நிமிடம் ஆகவில்லை, போன் அடித்தது.

"அப்பா, கமரா இருட்டாக் கிடக்கு."

"கரண்ட் இல்லைத் தம்பி."

"கரண்ட் இல்லாட்டி கமரா வேலை செய்யாதே அப்பா. இது வேலை செய்யுது, ஆனா இருட்டு."

"அப்ப மழை இருட்டாக்கும்."

"நீங்கள் என்ன செய்யிறீங்கள்? சத்தம் ஒரு மாதிரிக் கிடக்கு. மூச்சு வாங்குதோ?"

"நான் சும்மா கதிரையில இருக்கிறன்" என்றார் பிலிப்பர், சவர்க்கார நுரைக்குள் நின்றுகொண்டு.

சாரத்தை எத்தனை நாளைக்குப் போட்டு வைப்பது. யோசனை சொன்னவள் ஞானசவுந்தரி. தொட்டி நன்றாக இருந்த காலத்தில் எடுத்த போட்டோ அவளுடைய போனில் இருந்தது. அடுத்த நாள் காலையில் ஸ்ரூடியோவுக்குப் போய் அதைக் கலண்டர் அளவில் அடித்து வந்தாள். மட்டையில் ஒட்டி, குண்டைச் சுற்றிவர ஒரு சாண் தள்ளி வளைத்து நிறுத்தினார்கள். குண்டு எந்தப் பக்கம் திரும்பினாலும் மீன்தான். பிலிப்பர் தங்கையின் மூளையை வாய்விட்டுப் புகழ்ந்தார்.

உடனே போன் அடித்தது. மறுமுனையில் ஜெகதீஸ்.

"அப்பா."

"சொல்லு தம்பி."

"மீன் தெரியுது."

"தெரியத்தானே வேணும்."

"அசையாமல் நிக்குது அப்பா."

"நித்திரை கொள்ளுதுகள். நேற்று மழையெல்லே, குளிர்."



"நீங்கள் எங்க அப்பா நிக்கிறீங்கள்?"

"எங்க நிப்பன். இஞ்சதான், கதிரையில."

"கதிரையிலயோ."

"ஓம், கதிரையிலதான். குளிசையும் போட்டனான். நீ வேலையைப் பார்."

போனை வைத்துவிட்டு, "பேய்க்காட்டி நம்ப வைச்சாச்சு" என்று பிலிப்பர் உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டார். அந்தச் சந்தோசம் பின்னேரம் வரைக்கும்தான் இருந்தது. சுவிசிலிருந்து மருமகள் போனில் ஞானசவுந்தரியை அழைத்து, ஜெகதீஸ் மகளையும் கூட்டிக்கொண்டு பிளேன் ஏறிவிட்டான் என்றும் நாளை மறுநாள் மத்தியானம் வீட்டில் நிற்பான் என்றும் சொன்னாள்.

"அண்ணை, பிடிபட்டுப்போனியள்" என்றாள் ஞானசவுந்தரி.

பிலிப்பருக்கு வேர்த்தது. மீன் அசையவில்லை என்று பிள்ளை வேலையையும் போட்டுவிட்டு வருகிறான். அந்த மீன்கள் மேல் அவன் உயிரையே வைத்திருக்கிறான். வந்து பார்க்கும்போது தொட்டி காலி, மீன் வாளிக்குள். தொட்டியையும் ஸ்கிம்மரையும் அன்றைக்கே தேய்த்துக் கழுவினார்கள். இனித் தண்ணீர் வேண்டும், நல்ல கடல் தண்ணீர்.

"இறங்குதுறையில அள்ளுவமோ?" என்று கேட்டான் கிறிஸ்ரி.

"அது முழுக்க எஞ்சின் எண்ணெய். கண்ணாடித் தண்ணி எழுவைதீவுக்கு அங்காலதான்."

"நீங்கள் கடலுக்குப் போகக் கூடாதெல்லோ."

"நான் மீன் பிடிக்கப் போகேல்லை. மீனுக்குத் தண்ணி எடுக்கப் போறன். டொக்டர் அதைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை."

விடிந்ததும் கிறிஸ்ரியின் வள்ளம் வெறும் பிளாஸ்ரிக் கான்களோடு புறப்பட்டது. துறையைத் தாண்டியவுடன் பிலிப்பர் சுக்கானைத் தன் கைக்கு வாங்கிக்கொண்டார். உப்புக் காற்று முகத்தில் அடித்தது. எத்தனை நாள் ஆயிற்று. வந்த காரியம், மகன், நெஞ்சு ஸ்பிரிங் எல்லாம் மறந்துபோய் அவர் கடலைப் பார்த்துச் சிரித்தார். அடி மணல் தெரியும் தண்ணீரைக் கான் கானாக நிரப்பினார்கள். ஆழமில்லாத இடத்தில் ஒரு பெரிய வெறும் சங்கு கிடந்தது. தொட்டிக்கு வடிவாக இருக்கும், பிள்ளைக்குப் பிடிக்கும் என்று அதையும் தூக்கிக்கொண்டார்.

அன்று பின்னேரம் தொட்டி பளபளவென்று நின்றது. கிறிஸ்ரி மோட்டரைச் சுடுதண்ணீரில் அவித்து எடுத்துப் பூட்டியதில் நுரையும் அளவாக வந்தது. மீன்கள் புதுத் தண்ணீரில் துள்ளின. சங்கு நடுவில் அழகாகக் கிடந்தது.

மறுநாள் காலை பார்த்தபோது இறால்கள் இல்லை. மீசையும் கோதும் மட்டும் சங்கு வாசலில் கிடந்தன. மீன்களெல்லாம் பயந்து கல்லுக்குப் பின்னால் ஒன்றாக ஒட்டிக்கொண்டு நின்றன. பிலிப்பர் குனிந்து சங்குக்குள் எட்டிப் பார்த்தார். உள்ளேயிருந்து ஒரு கண் அவரை எட்டிப் பார்த்தது.

"சவுந்தரி, சங்கு வெறும் சங்கில்லை. உள்ளுக்கை பேய்க்கணவாய் இருக்கு."

பேய்க்கணவாயைக் கடலில் பிடிப்பது வேறு, மகன் ஆசையாய் வளர்க்கும் பவளங்களுக்கு நடுவில் பிடிப்பது வேறு. முழுக் காலையும் அது சங்கிலிருந்து கல்லுக்கும், கல்லிலிருந்து ஸ்கிம்மர் குழாய்க்கும் மாறி மாறிப் போனது. மத்தியானம் வாசலில் வான் வந்து ஹோர்ண் அடித்த நேரம்தான் பிலிப்பர் அதை ஒருவழியாகப் பிடித்தார். எட்டுக் காலும் அவர் முழங்கையைச் சுற்றிக்கொண்டன. போகிற போக்கில் அது மையையும் கக்கியது. தொட்டி முழுக்கக் கறுப்பு.

"அப்பா."

ஜெகதீஸ் வாசலில் நின்றான். சப்பாத்தும் கழற்றவில்லை, பையும் இறக்கவில்லை. பின்னால் அவனுடைய ஏழு வயது மகள் ஜெனிற்றா.

தோள்வரை தொட்டித் தண்ணீருக்குள் விட்ட கையோடும், கையில் கணவாயோடும் நின்ற பிலிப்பருக்கு இனி மறைக்க ஒன்றும் இருக்கவில்லை.

"தம்பி, என்னை மன்னிச்சுக்கொள்ளு. நுரைச்சட்டி பழுதாப்போச்சு. மேர்சியின்ர மெசின் மோட்டரைப் போட்டு, சவர்க்காரம் கலந்துபோச்சு. அதுக்காகக் கடலுக்குப் போனனான். இது சங்குக்குள்ள இருந்து வந்தது. உன்ர இறால் ரண்டையும் திண்டிட்டுது. மீன் எல்லாம் உயிரோடதான் இருக்கு, சத்தியமா. இந்த மைக்குப் பின்னால நிக்குதுகள். நீ என்னட்டைக் கேட்டது இந்த ஒண்டுதான் ராசா. அதைக்கூட என்னால வடிவாச் செய்ய ஏலாமப் போச்சு."

ஜெகதீஸ் தொட்டியைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஓடி வந்து, கணவாயும் தானுமாக நின்ற தகப்பனை அப்படியே கட்டிப்பிடித்தான். அவன் அழுகிறானா சிரிக்கிறானா என்று ஞானசவுந்தரிக்கு விளங்கவில்லை.

"கடலுக்குப் போனவராம்" என்று மட்டும் அவன் அத்தையைப் பார்த்துச் சொன்னான்.

"தொட்டியைப் பார் தம்பி. மீனைப் பார்" என்றார் பிலிப்பர். "அதுக்காகத்தானே இவ்வளவு தூரம் வந்தனி."

ஜெகதீஸ் வாயைத் திறக்கும் முன் ஜெனிற்றா கதிரையில் ஏறி, கமராவைச் சுற்றி நின்ற மட்டையை உற்றுப் பார்த்தாள்.

"அப்பப்பா, இந்தப் படத்தை எடுங்கோ, எங்கட ரீவியில ஒவ்வொரு நாளும் கதிரையில நீங்கள்தான் வருவீங்கள், அண்டைக்கு உங்களுக்குப் பதிலா மீன் வந்தவுடன அப்பா அழுதுகொண்டு ரிக்கற் போட்டவர்."