பூச்சியத்துக்குள் ஒரு கோடு

நடந்தவை, வரிசைப்படி:

1. கண்டிக்கு அருகே கட்டுகஸ்தோட்டையில் இருக்கும் எங்கள் சின்ன மென்பொருள் அலுவலகத்துக்கு, பன்வில பக்கத்து டிஸ்பென்சரி ஒன்றிலிருந்து வேலை வந்தது. மருந்துப் போத்தலில் ஒட்டும் லேபலை அச்சடிக்க ஒரு மென்பொருள்.
2. அந்த லேபலுக்கு எழுத்துரு தேட, எங்களோடு வேலை செய்த ஃபொன்ட் நானா ஒரு மழைக்காலம் முழுவதையும் எடுத்துக்கொண்டார்.
3. ஒப்படைப்பதற்கு முதல்நாள், தான் தேர்ந்த எழுத்துருவைத் தானே வேண்டாம் என்றார்.
4. காரணம், பஸ்ஸில் பக்கத்தில் இருந்த ஓர் அம்மா.

ஃபொன்ட் நானாவைப் பொறுத்தவரை மனித குலத்தில் இரண்டே பிரிவுகள்தான். ஆங்கில 'ஓ'வையும் பூச்சியத்தையும் பார்த்தவுடன் பிரித்தறியக்கூடியவர்கள் ஒரு பிரிவு, மற்றவர்கள் இன்னொரு பிரிவு. மதம், மொழி, சம்பளம் எல்லாம் அதற்குப் பிறகு.

அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டும் தெரியும். கீழே தேநீர்க் கடைக்காரர் உட்பட எல்லோருக்கும் அவர் ஃபொன்ட் நானா, அதாவது எழுத்துரு அண்ணன். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், அவர் என் பெயரையோ ஊரையோ கேட்கவில்லை. ஒரு தாளை நீட்டினார். அதில் நான்கு நேர்கோடுகள் நின்றன.

"இதுல ஒண்டு எது, சின்ன எல் எது, பெரிய ஐ எது, சும்மா கோடு எது? சொல்லுங்க தங்கச்சி."

இரண்டைப் பிழையாகச் சொன்னேன். அந்த வாரம் முழுக்க அவர் என்னை, காய்ச்சலில் கிடக்கும் ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அடுத்த வாரம் என் கணினியில் அவரே ஒரு எழுத்துருவை ஏற்றிவிட்டார். அதில் பூச்சியத்துக்குள் குறுக்கே ஒரு கோடு இருந்தது. "இனி நீங்க எழுதுற ப்ரோக்ரம் கோட் பொய் சொல்லாது" என்றார்.

இன்னொரு கொள்கையும் அவரிடம் இருந்தது. யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம் என்று திறந்த உரிமத்தோடு வந்த எழுத்துருக்களை மட்டுமே அவர் தொடுவார். எங்களோடு வேலை செய்த ஒருவர் களவாக இறக்கிய எழுத்துருவில் தன் கலியாண அழைப்பிதழை அடித்துவிட்டார். நானா கலியாணத்துக்குப் போனார், புரியாணியும் சாப்பிட்டார். மறுவாரம் மாப்பிள்ளையின் கையில் பரிசாக ஓர் உறையைக் கொடுத்தார். உள்ளே அதே அழைப்பிதழ், திறந்த உரிமமுள்ள எழுத்துருவில்.

"இப்ப ஹலாலாகிட்டு" என்றார். அவர் சிரிக்கவில்லை. அதனால் நாங்களும் சிரிக்கவில்லை.

டிஸ்பென்சரி வேலை வந்தபோது, மழைக்காலம் முழுக்கத் தேடிவிட்டு, கோடு போட்ட அதே எழுத்துருதான் லேபலுக்கும் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். மருந்துகளின் குறியீட்டில் 'ஓ'வும் பூச்சியமும் கலந்து வருகின்றன, கோடு இல்லாவிட்டால் மருந்து மாறிவிடும் என்பது அவர் வாதம். எங்கள் முதலாளியை நாங்கள் சேர் என்போம், யாழ்ப்பாணத்துக்காரர். வாதத்தில் தோற்று, "சரி, உமக்கு விருப்பமானதைப் போடும்" என்று எழும்பிப் போனார்.

டிஸ்பென்சரியில் பாவிக்கப்போகும் பிரின்டர் ஒப்படைப்பதற்கு முதல்நாள்தான் எங்கள் கைக்கு வந்தது. மையில்லாமல் சூட்டில் அச்சடிக்கும் சின்னப் பெட்டி. நானா சில லேபல்களை அடித்து எடுத்துக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறக் கிளம்பினார். அது அவருடைய வழக்கம். "கதிரையில இருந்து பாத்தா எல்லா எழுத்தும் வடிவுதான். குலுங்குற பஸ்ல வாசிக்க ஏலுமா எண்டு பாக்கணும்."

கண்டியில் பன்வில பஸ் ஏறினோம். பக்கத்தில் தேயிலைத் தோட்டத்து அம்மா ஒருவர், மடியில் மரக்கறிப் பை. நானா லேபலை நீட்டினார்.

"அம்மா, புள்ளக்கி எத்தின மில்லி குடுக்கணும் எண்டு இதுல ஈக்கி?"

அந்த அம்மா லேபலைத் தூரப் பிடித்தார், கிட்டப் பிடித்தார். "பதினெட்டுங்க."

லேபலில் இருந்தது பத்து. இன்னொன்றைக் கொடுத்தார். இருபது, இருபத்தெட்டாகியது.

"நல்லாப் பாருங்கம்மா. அது பூச்சியம். உள்ளுக்க ஒரு கோடு ஈக்கி."

"பூச்சியத்துக்கு எதுக்குங்க கோடு? அது என்னா தப்பு பண்ணிச்சு, அடிச்சு வுட்டுருக்கீங்க?"

முன் இருக்கைக்காரர் சத்தமாகச் சிரித்தார். நானா லேபலைத் திரும்ப வாங்கிப் பார்த்தார். நானும் பார்த்தேன். சூட்டில் கோடு தடித்து, பூச்சியத்தின் வயிற்றை அடைத்திருந்தது. அந்த அம்மா பார்த்ததில் பிழையில்லை. அது எட்டுத்தான்.

நானா எழும்பி மணியடித்தார். இறங்குவதற்கு முன் திரும்பி, "உங்கட பேரென்னம்மா?" என்றார்.

"ராமாயிங்க. ஏன், பொலிசுல சொல்லப் போறீங்களா?"

அலுவலகத்தில் நானா நடந்ததைச் சொன்னபோது சேர் கதவைச் சாத்தவில்லை. எல்லோருக்கும் கேட்டது.

"இந்த எழுத்துத்தான் வேணுமெண்டு நிண்டது நீர்தானே?"

"ஓம் சேர். நான்தான்."

"நாளைக்குக் குடுக்காட்டி அவையள் வேற ஆக்களிட்டப் போயிடுவினம். விளங்குதோ?"

"குடுத்தா ஒரு புள்ளக்கி மருந்து கூடிப்போகும் சேர். டிஸ்பென்சரி டொக்டருக்கு நானே கோல் எடுக்கிறன். என்ட பிழை எண்டு சொல்றன்."

சொன்னார். வேறு யாரையும் இழுக்காமல், பிரின்டரைக்கூடக் குறை சொல்லாமல் சொன்னார். டொக்டர், திருத்தித் தரும்வரை கையாலேயே எழுதுகிறோம் என்றார்.

வேறு எழுத்துருக்களைப் போட்டுப் பார்த்தோம். வரிகள் லேபலுக்கு வெளியே ஓடின. கடைசியில் நானா தன் எழுத்துருவையே திறந்தார். கோட்டை நீக்கினார், 'ஓ'வோடு குழம்பாதபடி பூச்சியத்தை ஒல்லியாக்கினார். உரிமம் அதற்கு இடம் கொடுத்தது. ஆனால் திருத்தியதைப் பழைய பெயரில் வெளியிடக்கூடாது என்றும் அதே உரிமம் சொன்னது. அலுவலகத்தின் பெயரை வைக்கலாமே என்றார் சேர். நானா ஏற்கெனவே பெயரைத் தட்டச்சு செய்துவிட்டிருந்தார்.

இப்போதைய நிலவரம்: டிஸ்பென்சரி எங்களோடுதான் இருக்கிறது. அதன் லேபல்கள் 'ராமாயி' என்ற எழுத்துருவில் அச்சாகின்றன. அந்த அம்மாவுக்கு இது தெரியாது. நானா கட்டாரில் வேலைக்குப் போய்விட்டார். என் திரையில் மட்டும் பூச்சியத்துக்குள் அந்தக் கோடு இன்னும் இருக்கிறது. அவர் ஏற்றித் தந்தது. நான் அதை மாற்றவில்லை.