ஜல்தியா ஊதுனா கல்யாணம்

உலகத்தில் எத்தனையோ சங்கீத வித்வான்கள் இருக்கலாம். ஆனால் ஒரே ஒரு பாட்டை வைத்துக்கொண்டு ஆயுசு முழுக்கப் பிழைப்பு நடத்திய மகா வித்வான் எங்கள் பெங்களூர் ஜோகுபாளையம் பேண்டு மாஸ்டர் ஒருவர்தான். அந்தப் பாட்டுக்கும் பெயர் கிடையாது, அவருக்கும் பெயர் கிடையாது. ஞானஸ்நானம் கொடுத்த பாதிரியாருக்கு வேண்டுமானால் தெரிந்திருக்கும். எங்களுக்கு அவர் வெறும் மாஸ்டர்.

"என்ன மாஸ்டர், எல்லா இடத்துலயும் இதையே வாசிக்கிறீங்க?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"ஜல்தியா ஊதுனா கல்யாணம், மெதுவா ஊதுனா சாவு. மனுசனுக்கு வேற என்னம்மா விசேஷம் இருக்குது?" என்றார்.

ஏதோ ஒரு ரெஜிமெண்டு கழித்துப் போட்ட சிவப்புக் கோட்டு, அதில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பித்தளைப் பொத்தான்கள். கீரை வாங்கப் போனாலும் அந்தக் கோட்டில்தான் போவார். கையில் கார்னெட் என்கிற அந்தப் பித்தளை ஊதுகுழல் இல்லாமல் நான் அவரைப் பார்த்ததே இல்லை. தூங்கும்போதும் பக்கத்தில் வைத்துக்கொள்வார் என்று கேள்வி. நான் எட்டிப் பார்க்கவில்லை.

அவர் இருந்தது எங்கள் இன்னொரு வீட்டில். ஒட்டினாற்போல் இரண்டு வீடு, நடுவில் ஒரே சுவர், பின்னால் பொதுக் கிணறு. ஒன்றில் நாங்கள், இன்னொன்றில் வாடகைக்கு மாஸ்டர். யுத்தத்துக்கு முந்தைய காலம். மெட்ராஸில் எனக்கு மாப்பிள்ளை நிச்சயமாயிற்று. கண்டோன்மெண்டில் குமாஸ்தாவாக இருந்த அப்பாவிடம் விற்பதற்கு இருந்தது அந்த வீடு ஒன்றுதான். தை பிறப்பதற்குள் அது விலை போனால் எனக்குக் கல்யாணம். போகாவிட்டால் மாப்பிள்ளை வீட்டார் வேறு பெண் பார்த்துவிடுவார்கள். எனக்கோ மாப்பிள்ளையின் போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து சோறு இறங்கவில்லை.

அப்பா மாஸ்டரிடம் பக்குவமாகத்தான் சொல்லிப் பார்த்தார்.

"ஐயா, பாப்பா கல்யாணத்துக்கு நான் இனாமா வாசிக்கிறேன். பந்தக்கால் நடறதுல இருந்து ரயில் ஏத்தற வரைக்கும் என் பொறுப்பு. ஆனா வூட்ட மட்டும் காலி பண்ணச் சொல்லாதீங்க. இந்தப் பெங்களூருல பேண்டுகாரனுக்கு வூடு குடுக்க ஒரு மகராசன் நீங்கதான். அல்சூர்ல துரத்துனான், பிளாக்பள்ளியில சட்டியத் தூக்கித் தெருவுல போட்டான். நான் எங்க போவேன்?" என்றார் மாஸ்டர்.

"வீட்டை வித்தாத்தானேய்யா கல்யாணமே?"

"அத வேற எப்படியாச்சும் பாருங்க, ஐயா," என்று கும்பிடு போட்டுவிட்டு உள்ளே போய் ஊத ஆரம்பித்தார். சுவர் அதிர்ந்தது.

வீடு பார்க்க முதலில் வந்தவர் பென்ஷன் வாங்கிய போஸ்ட் மாஸ்டர். அவர் கூடத்தில் கால் வைத்ததும் மாஸ்டரின் ஆட்கள் அத்தனை பேரும் கதவுக்குப் பின்னாலிருந்து புறப்பட்டு, பெரிய டிரம்மோடு அவருக்கு ராணுவ வரவேற்பு கொடுத்தார்கள். மூடிய அறைக்குள்! காதைப் பொத்திக்கொண்டு ஓடியவர் அப்புறம் அந்தத் தெருப் பக்கமே தலைகாட்டவில்லை.

அடுத்து வந்தது ஒரு வாத்தியாரும் அவர் சம்சாரமும். இந்தத் தடவை மாஸ்டர் சமர்த்தாக வீட்டைச் சுற்றிக் காட்டினார்.

"நல்ல வூடும்மா. பாம்பு கூட ஒண்ணும் பண்ணாது."

"பாம்பா?" என்றாள் அந்த அம்மாள்.

"பெரிசு ஒண்ணுதான். நான் கார்னெட் வாசிச்சா வந்து கேட்டுட்டு அதுபாட்டுக்குப் போயிரும். நீங்க என்ன வாசிப்பீங்க?"

வாத்தியார் குடையை மறந்துவிட்டுப் போனார். அந்தக் குடை ரொம்ப நாள் எங்கள் வீட்டில் இருந்தது.

மார்கழி பிறந்துவிட்டது. நான் சமையலறையில் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அத்திபெலேயிலிருந்து ஒரு புளி மண்டிக் கவுண்டர் வருவதாகத் தகவல் வந்தது. கையில் ரொக்கம் இருந்தது, ஆனால் மனுஷர் சகுனப் பைத்தியம். பூனை குறுக்கே போனதென்று பாதி வழியில் ஜட்கா வண்டியைத் திருப்பிக்கொண்டு போனவராம். அப்பா செய்த காரியத்தைக் கேளுங்கள். நேரே மாஸ்டரிடம் போய், "அவர் சகுனம் பாக்கறவர், அபசகுனமா எதுவும் பண்ணிடாதேப்பா" என்று கெஞ்சினார். மாஸ்டருக்கு இதைவிட என்ன வேண்டும்?

கவுண்டரின் ஜட்கா எங்கள் தெருவில் திரும்பியதுதான் தாமதம், எதிரே ஒரு பாடை வந்தது. பாடையின் மேல் மாலை மரியாதையோடு, பிணமாகப் படுத்திருந்தது மாஸ்டரின் ஆள் கிளாரினெட் அந்தோணி. முன்னால் மாஸ்டர், தன் பாட்டை மெதுவாக, ரொம்ப மெதுவாக ஊதிக்கொண்டு வந்தார். ஜன்னலில் நின்றிருந்த நான் "போச்சு!" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

ஆனால் கவுண்டர் ஜட்காவை நிறுத்தினார். செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார். இரண்டு கையும் கூப்பி, "ஆகா! பொணமே எதிர்ல வருதே! போற காரியம் ஜெயம்தான் சாமி!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

கிளம்பிப் போகிறவனுக்குப் பிணம் எதிரே வந்தால் அதைவிட நல்ல சகுனம் கிடையாது என்பது நம் ஜனங்களில் யாருக்குத் தெரியாது? மாஸ்டருக்குத் தெரியவில்லை. காலமெல்லாம் பாடைக்கு முன்னால் நடந்த மனுஷர். எதிரே வருகிறவன் என்ன நினைக்கிறான் என்று அவர் எங்கே கண்டார்? கார்னெட் நின்றுபோயிற்று. பிணம் ஒரு கண்ணைத் திறந்து, என்ன ஆச்சு என்று பார்த்தது.

கவுண்டர் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கொல்லைப்புறம் வந்தார். கிணற்றடியில், கழுத்தில் மாலையோடு அந்தோணி டீ குடித்துக்கொண்டிருந்தான். கொடுத்தது எங்கள் அம்மா. "பாவம், வெயில்ல படுத்துக் கெடந்தான்" என்று கொடுத்திருக்கிறாள்! அப்பாவுக்கு முகத்தில் ஈயாடவில்லை.

கவுண்டர் அந்தோணியைப் பார்த்தார். மாஸ்டரைப் பார்த்தார். அப்புறம் வயிறு குலுங்கச் சிரித்தார் பாருங்கள், கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

"ஏன்யா, செத்தவன் எழுந்து டீ குடிக்கிற வூடு! இத நான் வுடுவேனா?"

அப்புறம் மாஸ்டர் பக்கம் திரும்பினார். "நீ எங்கயும் போவாத. இங்கயே இரு. நான் பெங்களூர் வர்றப்பல்லாம் இதே மாதிரி எதிர்ல வா, போதும்."

மாஸ்டர் அந்தச் சிவப்புக் கோட்டோடு நெடுஞ்சாண்கிடையாக அவர் காலில் விழுந்தார். எழுந்ததும் என்னைப் பார்த்து, "பாப்பா, இனிமே ஜல்தி பாட்டுதான்!" என்று கத்தினார். நான் சிரித்தேனா அழுதேனா, தெரியவில்லை.

தையில் கல்யாணம். சொன்ன சொல் தவறாமல் பந்தக்காலிலிருந்து வாசித்தார். கண்டோன்மெண்டு ஸ்டேஷனில் நான் ரயிலேறியபோதும் பிளாட்பாரத்தில் பேண்டு நின்றது. ஜல்தியாகத்தான் ஆரம்பித்தார். ரயில் அசைந்ததும் பாட்டு தளர ஆரம்பித்தது. அவர் கூடவே நடந்து ஜன்னலுக்கு நேரே வந்து என் முகத்தைப் பார்த்ததும் பாட்டு அடியோடு நின்றுவிட்டது.

"ஒண்ணுமில்ல பாப்பா, எச்சி அடைச்சிக்கிச்சு," என்று கார்னெட்டைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினார். அதிலிருந்து ஒரு சொட்டுக்கூட விழவில்லை. கண்ணிலிருந்துதான் விழுந்தது. உடனே கார்னெட்டை எடுத்து மறுபடி ஊதினார், ரொம்ப மெதுவாக.

"என்ன இது, சாவு பாட்டு மாதிரி இருக்கே?" என்று முகம் சுளித்தார் புது மாப்பிள்ளை.

"இல்லீங்க. அது என் கல்யாணப் பாட்டு," என்றேன். நான் அவரிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.