ஆடு தின்ற சமாதானம்

அன்புள்ள மைத்துனர் வோப்பிஸ்கஸ் அவர்களுக்கு, ரோமிலிருந்து நூமேரியஸ் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு யாவரும் நலம். உங்கள் நலமும் திராட்சைத் தோட்டத்தின் நலமும் அறிய ஆவல். முதலில் நல்ல செய்தி: நம் கேசோ போர் முகாமிலிருந்து முழுசாக வீடு வந்து சேர்ந்துவிட்டான். உங்கள் தங்கை மினூக்கியா அழுகையை நிறுத்திவிட்டாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அவன் வந்த கதையைக் கேளுங்கள். தெற்கே அந்தக் கிரேக்கத் துறைமுகத்தோடு சமாதானம் செய்ய, உடன்படிக்கைப் பூசாரியான என்னைத்தானே அனுப்பினார்கள்? "புள்ளையோட வந்தா வாங்க, இல்லைன்னா அங்கேயே இருந்துக்குங்க" என்று சொல்லித்தான் மினூக்கியா வழியனுப்பினாள். கோட்டைமேட்டில் வேரோடும் மண்ணோடும் பிடுங்கிய புனிதப் புல், சத்தியம் செய்து அடிக்க ஒரு பன்றி, அடிப்பதற்குச் சக்கிமுக்கிக் கல், எல்லாவற்றையும் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். அந்த ஊர்ச் சந்தைத் திடலில் புல்லைக் கீழே வைத்து, தலையில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு திரும்பினால் ஓர் ஆடு அதை மென்றுகொண்டிருக்கிறது, வேரைக்கூட விடவில்லை, மண்ணை மட்டும் எனக்கு மிச்சம் வைத்திருந்தது, நான் வாயைப் பிளந்து நிற்க, இதுதான் சமயமென்று நம் பன்றியும் கயிற்றை அறுத்துக்கொண்டு மீன்கடைப் பக்கம் ஓடிவிட்டது.

ஊர்த் தலைவர் ஃபிலிஸ்கோஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஏன்யா, புல்லு இல்லைன்னா உங்க ஊருல சண்டையை நிறுத்த மாட்டீங்களா?"

"அந்தப் புல்லு கையில இருந்தாத்தான் நான் ரோமுக்காகப் பேச முடியும், இல்லைன்னா வெறும் ஆளுங்க. என் சத்தியம் செல்லாது."

"உங்க ரோமோட சட்டப் பலகையே எங்க கிரேக்க ஆளுங்களைக் கேட்டு எழுதினதுதானே? இதையும் கேட்டுக்குங்க. மதுவைத் தரையில ஊத்துங்க, சாமி பேரைச் சொல்லுங்க, வெண்கலத்துல வெட்டிக் கோயில்ல மாட்டிடலாம். முடிஞ்சுது சண்டை!"

நம் வழக்கம் அதுவல்ல. ஆனால் முகாமில் இருப்பது என் பிள்ளை ஆயிற்றே! ஊற்றிவிட்டேன். மறுநாளே நம் தளபதி கூடாரங்களைப் பிரித்தார். வழியெல்லாம் கேசோ தூங்கினான், நான் அவனையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஜூப்பிட்டர் உங்களையும் குழந்தைகளையும் கொடிகளையும் குறைவின்றி வைக்கட்டும்.

தங்கள்,
நூமேரியஸ்

பின்குறிப்பு: முத்திரை வைக்கும் நேரத்தில் மூத்த பூசாரிகளின் ஆள் வந்து நிற்கிறான். புல் இல்லாத சத்தியம் நம்மைக் கட்டாதாம். அதாவது, கிரேக்கர்களுக்குச் சமாதானம், நமக்கு இன்னும் போர். நான் புதுப் புல்லோடு போய் மறுபடி சத்தியம் செய்யும்வரை கேசோ முகாமுக்குத் திரும்ப வேண்டுமாம். மினூக்கியா வாசலை மறித்து நிற்கிறாள். "உங்க பெரியவங்ககிட்ட போய்ச் சொல்லு. இந்த வீட்டுல இனிமே கிரேக்கச் சட்டம்தான்!"